நட்டில் வைத்த நெயில் பாலிஷ்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். மெக்கானிக்கின் மனைவி ஒருத்தி, பக்கத்துக் கடை டயர்க்காரர் இன்னொருவர். அன்று தூறல் விழுந்தது என்பாள் அவள். தூறலாவது ஒன்றாவது, வெறும் பனிமூட்டம்தான் என்பார் இவர். துரத்திப் போன வேனை ஓட்டியது யார் என்பதில்கூட இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. முன்னால் போன வண்டியின் நிறம் சிவப்பு என்பதில் மட்டும் சண்டையில்லை. இருவர் சொன்னதும் என் தலைக்குள் கலந்துபோய் எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் கிடக்கிறது. மெக்கானிக்கையே கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஏன் இல்லை என்பது கடைசியில் தெரியும்.

அந்தச் சிவப்பு வண்டி மெக்கானிக்கின் மச்சானுடையது. மனைவியின் தம்பி. தலை பாதி நரைத்த பிறகும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற, பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு அவன் வைத்த பெயர் ராணி. ராணியின் வயது அவனுடைய கல்யாணத்தின் வயதைவிட அதிகம், மரியாதையும் அதிகம் என்று அவன் அக்கா சொல்லுவாள்.

ராணிக்கு நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டிருந்தன. ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினால் தெரு முடிகிறவரை தலையாட்டிக்கொண்டே போகும். மெக்கானிக் வண்டியின் மூலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். நல்ல ஷாக் என்றால் ஒரு முறை எழுந்து நின்றுவிட வேண்டும். இது கூட்டத்தில் தூங்கி வழிகிறவன் தலைபோல மேலும் கீழும் போய்க்கொண்டேயிருந்தது. உள்ளேயிருந்த ஆயில் எல்லாம் வெளியே வடிந்து, புழுதியோடு சேர்ந்து கரும்பசையாக அப்பியிருந்தது.

புதிது வாங்கலாம் என்றால் அந்த மாதிரி ஷாக்கை இப்போது யாரும் செய்வதில்லை. பழசையே பிரித்துச் சீர்செய்ய வேண்டும். மெக்கானிக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை அது. ஷாக்கைச் சுற்றி இருக்கிற ஸ்பிரிங்கை முதலில் கழற்ற வேண்டும். அதை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, திருகித் திருகிச் சுருக்கி, மேல்மூடியை எடுப்பது வரைக்கும் மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கொக்கி நழுவினால் அவ்வளவுதான். அந்தப் பட்டறையின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை உண்டு. பல வருஷம் முன்பு நழுவிய ஒரு ஸ்பிரிங் போன வழி அது. அவர் காதோரமாகப் போயிருந்தது. ஓட்டையை அவர் அடைக்கவேயில்லை. வெயில் நாட்களில் அதன் வழியே விழும் வெளிச்சம் காலையில், சாமானை இடுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேஜையிலும் மத்தியானம் தரையிலுமாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஸ்பிரிங் சுருக்குகிற நாட்களில் அவர் மனைவி பட்டறைப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டாள். பின்னாலேயே வீடு என்றாலும் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாம் முடிந்து அவர் குரல் கொடுத்த பிறகுதான் திறப்பாள்.

நான்கையும் பிரித்தார். கறுத்து நாறிப்போன ஆயிலைக் கொட்டினார், தேய்ந்த சீல்களை மாற்றினார், குழிவிழுந்த ஒரு தண்டை லேத் பட்டறையில் கொடுத்துப் பளபளவென்று வாங்கி வந்தார். புது ஆயில் ஊற்றி, வைஸில் பிடித்து, உள்ளேயிருக்கும் காற்றெல்லாம் போகும்வரை தண்டை மெதுவாக இழுத்து மெதுவாக அமுக்கினார். அப்போது கைக்குக் கிடைக்கிற அந்த அடர்த்தியான எதிர்ப்பு அவருக்குப் பிடிக்கும். எதிராளி அவசரப்படாமல் பதில் சொல்வதுபோல இருக்கும்.

கோர்க்கும்போது ஒரு சின்னத் தகராறு. கீழ்ப்பக்க போல்ட்டுகளுக்கு, உள்ளே பிளாஸ்டிக் வளையம் வைத்த புது நட்டு போடலாம், ஆடினாலும் அதிர்ந்தாலும் கழலாது என்றார் மெக்கானிக். சின்னவன் ஒரே பிடியாக மறுத்துவிட்டான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே நட்டு, அதே வாஷர்தான் இருக்க வேண்டுமாம்.

"ராணிக்கு பிளாஸ்டிக் நகை போட்டு அனுப்புவீங்களா மாமா?"

சிரித்துக்கொண்டே அவர் பழைய நட்டுகளைக் கழுவி எடுத்து வைத்தார். சரியாக இறுக்கினால் பழசும் நிற்கும், இறுக்காவிட்டால்தான் ஆபத்து.

அந்தக் கடைசி இறுக்கத்துக்கு ஒரு முறை உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது கீழ் போல்ட்டுகளை இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் உள்ளேயிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால் நட்டை விரலால் திருகி விட்டுவிட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் பாரம் நான்கு சக்கரத்திலும் உட்கார்ந்த பிறகு, பட்டறைத் தரையில் வெட்டிய பள்ளத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். பள்ளத்தில் இறங்கி நின்று, எவ்வளவு இறுக வேண்டும் என்று அளவு வைக்கக்கூடிய டார்க் ரெஞ்சால் 'டக்' என்று சத்தம் வரும்வரை இழுக்க வேண்டும். இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக நட்டுக்கும் போல்ட்டு முனைக்கும் சேர்த்து ஒரு பூச்சு. மற்ற பட்டறைகளில் பெயின்ட் வைப்பார்கள். இவர் வைப்பது மனைவி பூசி மிஞ்சிய சிவப்பு நெயில் பாலிஷ். சீக்கிரம் காயும், எண்ணெயில் அழியாது, இருட்டிலும் கண்ணில் படும். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். என் விரலைவிட அந்த நட்டுக்குத்தான் அலங்காரம் அதிகம் என்று அவள் கிண்டல் செய்தாலும், பாட்டில் தீருவதற்குள் அடுத்ததை வாங்கி வைத்துவிடுவாள்.

அன்றைக்கு வண்டி பள்ளத்தின் மேல் நின்றது. முன்பக்கம் இரண்டையும் அவர் இறுக்கினார். அதில் சந்தேகமேயில்லை. இரண்டாவதில் ரெஞ்ச் வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது. அந்தக் காயம் கையில் இருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கதை.

மனைவி கைப்பேசியோடு ஓடி வந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கும் அவள் அக்கா பேசினாளாம். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, காலையில் அறுவை சிகிச்சை, அதற்கு முன்னால் உங்களைப் பார்க்கணும் பார்க்கணும் என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் பள்ளத்திலிருந்து ஏறி வந்து கைப்பேசியை வாங்கிப் பேசினார். பேசி முடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். டயர்க்காரர் விஷயம் கேட்டு எட்டிப்பார்த்துவிட்டு, பஸ் போய்விட்டதே என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் சின்னவன் வந்துவிட்டான்.

வண்டி ரெடியா என்று கேட்டான். ரெடிதான் என்று இவர் சொன்னார். அந்த ஒரு சொல்லை அவர் பிற்பாடு எத்தனை முறை எடுத்து எடுத்துப் பார்த்தார் என்று கணக்கில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோ என்று சொல்ல நினைத்தார். சொன்னாரா என்று தெரியவில்லை. போகிற வழியே ஓட்டிப் பார்க்கிறதுதானே என்று அவன் சொன்னதாக நினைவு. அப்படியென்றால் இவர் சொல்லியிருக்க வேண்டும்.

மனைவியும் சின்னவனும் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். அழுத முகம்தான், ஆனாலும் அவரைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வந்தது.

"பின்னாடி பூச மறந்துட்டீங்க. நான் பள்ளத்துல இறங்கிப் பூசிட்டேன். பட்டறைக்கு நான் ஒண்ணுமே செய்யறதில்லைன்னு இனிமே சொல்லக் கூடாது."

அவரும் சிரித்தார். கையை ஆட்டினார். வண்டி தெருமுனையில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஒரே ஒரு முறை எழுந்து, அப்படியே நின்று, போயிற்று. பார்க்க அழகாக இருந்தது. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டார்.

பட்டறைக்குள் வந்து சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார். பள்ளத்தின் கீழ்ப்படியில் டார்க் ரெஞ்ச் கிடந்தது. குனிந்து எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ரெஞ்ச் தளர்த்தப்படாமல் இருந்தது.

அதற்குள்ளேயும் ஒரு ஸ்பிரிங் உண்டு. வேலை முடிந்ததும் அளவைப் பூஜ்யத்துக்குத் திருப்பித் தளர்த்தி வைக்காவிட்டால் அந்த ஸ்பிரிங் சோர்ந்துபோய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தளர்த்தாமல் வைத்ததேயில்லை. தளர்த்தவில்லை என்றால் வேலை முடியவில்லை. போதாததற்கு, அளவு முன்பக்கத்துக்கு வைத்ததிலேயே நின்றது. பின்பக்கத்துக்கு வேறு அளவு.

பூச மறந்துட்டீங்க என்றாள். பூச மறக்கவில்லை. பூசுகிற இடத்துக்கே அவர் போகவில்லை.

அல்லது போனாரா? கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் நின்ற தன்னை நினைத்துப் பார்த்தார். தலைக்கு மேலே வண்டியின் அடிவயிறு தெரிந்தது. ரெஞ்ச் 'டக்' என்பதும் கேட்டது. ஆனால் அது இந்த வண்டிதானா? அப்படி எத்தனை ஆயிரம் 'டக்' அவர் கேட்டிருக்கிறார். நினைக்க நினைக்க, இறுக்கியதுபோலவும் தோன்றியது, இறுக்காததுபோலவும் தோன்றியது. இரண்டுமே ஒரே அளவு தெளிவாக இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

விரலால் திருகிய நட்டு மலைப்பாதையில் எவ்வளவு தூரம் தாங்கும்? நட்டு கழன்றால் போல்ட்டு நழுவும். போல்ட்டு நழுவினால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து கீழே தொங்கும். வண்டியின் அந்த மூலை சக்கரத்தின் மேல் உட்காரும். வளைவில் அப்படி உட்கார்ந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் கையில் ஒன்றுமில்லை.

மனைவியின் எண்ணை அழுத்தினார். அடுத்த நொடி அவருக்குப் பின்னாலேயே மணி அடித்தது. வைஸ் மேஜை மேல், நெயில் பாலிஷ் பாட்டிலுக்குப் பக்கத்தில், அவள் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேஜையோரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பூசுவதற்காகக் கீழே வைத்தவள் எடுக்க மறந்திருக்கிறாள். சின்னவனுக்கு அடித்தார். ராணி ஓடும்போது அவன் காதில் ராணியைத் தவிர வேறொன்றும் விழாது. அடித்து அடித்து ஓய்ந்தது.

அவள் கைப்பேசியையும் பாட்டிலையும் மேஜையிலிருந்து வாரிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டயர்க்காரர் கடைக்கு ஓடினார். வேன் சாவி என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த டயர்க்காரர் எதுவும் கேட்காமல் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தார். மெக்கானிக் ரெஞ்சையும் ஒரு சாமான் பெட்டியையும் வேனில் எறிந்தார்.

டயர்க்காரருக்குப் பயம் வந்தால் பேச்சு பெருகும். மெக்கானிக்குப் பயம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அதனால் வேனுக்குள் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார், மற்றவர் ரோட்டைத் தின்றுவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்கும் ஷாக் செத்துப் பல காலம் ஆயிற்று. ஒவ்வொரு குழியிலும் இருவர் தலையும் கூரையை முட்டியது.

"யோவ், ஊரான் வண்டிக்கெல்லாம் ஷாக் பார்க்கிற, பக்கத்துக் கடைக்காரன் வண்டியை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கியா?"

கொஞ்ச நேரம் கழித்து டயர்க்காரர் தணிந்த குரலில், நீ இறுக்கியிருப்ப, உன்னை எனக்குத் தெரியாதா என்றார். தன்னைத் தனக்கே தெரியுமா என்றுதான் மெக்கானிக் யோசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே சின்னச் சின்னதாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும். தெரிந்தவன் பெயர் தொண்டையில் நின்றுகொண்டு வெளியே வராது. யாருக்குத்தான் இல்லை என்று அதையெல்லாம் தள்ளிவிட்டிருந்தார். இப்போது அவையெல்லாம் வேனின் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது.

மலை அடிவாரத்து பெட்ரோல் பங்கில் நிறுத்தி விசாரித்தார்கள். சிவப்பு வண்டியை மறக்க முடியுமா என்றான் பங்க்காரன். பெட்ரோல் போடும்போதே அந்த ஆள், வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகிறது, எங்க மாமா கை பட்ட வண்டி என்று பெருமையடித்தானாம். பக்கத்திலிருந்த அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாராம். பிறகு பங்க்காரன் ஏதோ நினைத்துக்கொண்டவன்போல, ரோட்டுக்கு ஏறும்போது பின்னாடி 'டொக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுது, பழைய வண்டி அப்படித்தானே என்றான்.

எந்தப் பக்கம் என்று மெக்கானிக் கேட்டார். பங்க்காரன் அவரை விசித்திரமாகப் பார்த்தான். சத்தத்துக்கு ஏது பக்கம்?

மலை ஏற ஏறப் பனி இறங்கியது. அல்லது தூறல். வேனின் துடைப்பான்கள் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரே அழுக்கை இங்குமங்கும் இழுத்தன. ஒவ்வொரு வளைவிலும் மெக்கானிக் உடம்பை முன்னால் சாய்த்து, ரோட்டையும் பக்கச் சுவரையும் அதற்கப்பால் இருந்த வெள்ளை வெறுமையையும் பார்த்தார். தார் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் நட்டாகத் தெரிந்தது. ஓரிடத்தில் நிறுத்து நிறுத்து என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தால் நசுங்கிய பாட்டில் மூடி.

அடுத்த வளைவில் பக்கச் சுவர் இடிந்திருந்தது. ஒரு வண்டி நுழைகிற அகலத்துக்கு. கீழே செடிகள் சாய்ந்திருந்தன.

வேன் நின்றது. இருவரும் இறங்கவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது பழைய இடிசல்தான்," என்றார் டயர்க்காரர். "போன மழைக்கே விழுந்துடுச்சு. நான் பார்த்திருக்கேன்."

"இல்ல. போன தடவை நான் வந்தப்ப சுவர் முழுசா இருந்துச்சு."

"முழுசா இருந்துச்சுன்னு உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா?"

நல்லா ஞாபகம் இருந்தது. பின்பக்க நட்டை இறுக்கியதும் அவருக்கு நல்லா ஞாபகம் இருந்தது. இறங்கிப் போய் இடிந்த விளிம்பில் நின்றார். உடைந்த செங்கல் முகத்தில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். பாசி ஒரு நாளில் வளராது. அந்தப் பாசியை அவர் தொட்டுக்கொண்டே நின்றதையும், பிறகு திரும்பி வந்து வேனில் ஏறியபோது கன்னமெல்லாம் நனைந்திருந்ததையும், அது தண்ணீரா வேறா என்று தான் கேட்கவில்லை என்பதையும் டயர்க்காரர்தான் என்னிடம் சொன்னார்.

மலை உச்சியில் ரோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு அந்தப் பக்கம் சரசரவென்று இறங்கும். இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பனிக்குள் ஒரு சிவப்பு தெரிந்தது.

வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. பக்கச் சுவர் மேல் அவள் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதையில் அவளுக்கு எப்போதும் வாந்தி வரும். சின்னவன் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்று, ஊர் போய்ச் சேருவதற்குள் நாலு ஊர் சாப்பாட்டையும் வெளியே எடுத்துவிடுவாய் போல என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேனிலிருந்து இறங்கிய மாமாவைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

மெக்கானிக் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து அவள் கைப்பேசியை எடுத்து நீட்டினார். அதைத்தான் அவரால் செய்ய முடிந்தது.

"போனைக் குடுக்கவா மலை ஏறி வந்தீங்க?" சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்."

அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த நொடியில் அவருக்கு ஒரு வழி திறந்து கிடந்தது. போனைக் கொடுக்கத்தான் வந்தேன், வந்ததற்கு ஒரு தரம் கீழே பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிக் காதும் காதும் வைத்ததுபோல முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் ரெஞ்சை எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

முதலில் இடது பக்கம். சிவப்புப் பூச்சு கோடு உடையாமல் இருந்தது. இன்னும் முன்பக்க அளவிலேயே இருந்த ரெஞ்சை வைத்து இழுத்தார், நட்டு நகராமலேயே 'டக்' என்றது. மலையை அசைப்பதுபோல இருந்தது. இறுக்கமாக, பின்பக்கத்துக்கு வேண்டியதைவிட அதிகமான, முன்பக்க அளவிலேயே இறுக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் இதை அவர்தான் இறுக்கியிருக்கிறார். ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. உடனேயே வேறொன்றும் புரிந்தது. அளவை மாற்றாமலேயே இறுக்கியிருக்கிறார். அந்தக் கைப்பேசி அழைப்பு வருவதற்கு முன்னாலேயே மறந்திருக்கிறார். மாமனார் விழுந்த சேதியின்மேல் பழியைப் போடுவதற்கில்லை.

வலது பக்கம் நகர்ந்தார்.

நட்டு இல்லை. வாஷரும் இல்லை. போல்ட்டு பாதிக்கு மேல் வெளியே வந்து, துளையின் ஓரத்தில் ஒரு பழைய துருப்பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் முனையில் சிவப்புப் பூச்சின் பாதி இருந்தது. மறு பாதி நட்டோடு போய்விட்டது. விரலை வைத்தால் போல்ட்டு நகர்ந்தது. அவ்வளவு சுலபமாக.

வண்டிக்கு அடியிலிருந்து அவருக்கு அவள் காலும் தம்பி காலும் டயர்க்காரர் காலும் தெரிந்தன. அவள் குனிந்தாள்.

"என்னங்க. நட்டு இருக்கா?"

"இல்ல."

அவர் வெளியே வரவில்லை. வெளியே வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வலது பக்கம் நான் இறுக்கவேயில்ல. நீ பூசிட்ட."

"நீங்க இறுக்கிட்டுப் பூசத்தான் மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் மெலிந்தது. "எப்பவும் பூசத்தானே மறப்பீங்க."

"எப்பவுமா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"ரொம்ப நாளாவே நான்தான் பூசிட்டு வரேன். நீங்க சாப்பிட உள்ள போறப்ப வந்து பார்ப்பேன். பூச்சு இல்லாத நட்டு எப்பவும் ஒண்ணு ரெண்டு இருக்கும். சொன்னா நீங்க மனசு ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு நானே வெச்சுடுவேன்."

வண்டிக்கு அடியில் கிடந்தவருக்கு அதுவரை இருந்த பயம் ஒரு வண்டியின் பயம், ஒரு மலைப்பாதையின் பயம். இப்போது அது எல்லாத் தெருக்களுக்கும் போய்விட்டது. அவர் கையால் வேலை பார்த்து அனுப்பிய வண்டிகள் அந்த நேரத்தில் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வயதானவர்களை ஏற்றிக்கொண்டு, வளைவுகளில் திரும்பிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்பாக ஒரு பூச்சு. அவளுடைய பூச்சு எது, தன்னுடையது எது?

கடைசியில் பேசியவர் டயர்க்காரர்தான். பொருந்துகிற நட்டு என் வேனில் இருக்கும், என் ஷாக் எப்படியும் செத்துப்போனதுதானே, செத்தவனிடம் கேட்டால் இல்லையென்றா சொல்வான் என்றார். வேனின் பின்பக்க ஷாக்கிலிருந்து நட்டும் வாஷரும் கழன்று வந்தன. மரை சரியாகப் பிடித்தது. மெக்கானிக் போல்ட்டைத் தட்டி உள்ளே ஏற்றி, நட்டை விரலால் திருகி, ரெஞ்சில் பின்பக்கத்துக்கான அளவை வைத்தார். வைத்த அளவை உரக்கப் படித்தார். பிறகு ரெஞ்சை வெளியே நீட்டினார்.

"நீ இழு."

அவள் வண்டிக்கு அடியில் நுழைந்து அவருக்குப் பக்கத்தில் படுத்தாள். இருவர் தோளும் உரசின. இரண்டு கையாலும் ரெஞ்சைப் பிடித்து இழுத்தாள். 'டக்' என்றது. அவர் சட்டைப் பையில் நெயில் பாலிஷ் பாட்டிலும் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பூசினாள்.

வெளியே வந்ததும் அவர், நீ வேனில் வா என்றார். அவள் மாட்டேன் என்றாள். அந்த 'டக்' சத்தத்தைத் தன் காதால் கேட்டாயிற்று, தம்பியைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, போய்ச் சிவப்பு வண்டியிலேயே உட்கார்ந்தாள். சின்னவன் அதற்குப் பிறகு கிண்டல் எதுவும் செய்யவில்லை. சற்று முன்பிலிருந்தே பின்னால் 'டொக் டொக்' என்று கேட்டுக்கொண்டிருந்ததாகவும், புது ஷாக் பழகுகிறது என்று தான் நினைத்ததாகவும் மட்டும் ஒரு முறை சொன்னான். இறக்கம் முழுவதும் அவன் மாட்டு வண்டி வேகத்தில் போனான். ஒரு ஷாக் இல்லாத வேன் பின்னாலேயே குதித்துக் குதித்துப் போயிற்று. மெக்கானிக் அந்த வலது பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அவர் இமைத்தாரா என்றே தனக்குத் தெரியாது என்பார் டயர்க்காரர்.

மாமனாருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தடி ஊன்றி நடந்தார், மருமகனையும் மகளையும் சேர்த்துத் திட்டுகிற அளவுக்குத் தேறினார். பல வருஷம் கழித்துத் தூக்கத்தில் இறந்தார். மெக்கானிக்கும் மனைவியும் ஊர் திரும்பியதும் பட்டறையின் கதவைச் சாத்திவிட்டு, யார் யார் வண்டி வந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலும் அவள்தான் நினைவுபடுத்தினாள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பள்ளிக்கூட வேன். அதைப் பற்றி அவள் எனக்கு அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. பிறகு கொஞ்ச காலம் அவர் அளவைச் சொல்ல, அவள் ரெஞ்சை இழுக்க, 'டக்' கேட்ட பிறகு பூச, பட்டறை ஓடியது. அப்புறம் அளவு அவர் நினைவில் நிற்காமல் போனது. டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அந்த மறதிக்கு ஒரு பெயர் சொன்னார். பட்டறையை மூடிவிட்டார்கள். கூரையின் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. சின்னவன் ராணியை விற்கவில்லை, ஆனால் மலைக்கு எடுத்துப்போவதுமில்லை. வலது பின்பக்கத்தில் வேனின் நட்டுதான் இன்னும் இருக்கிறது. அதை மாற்ற அவன் சம்மதிக்கவில்லை. டயர்க்காரர் வேனை ஷாக் போடாமலேயே விற்றார். மெக்கானிக் வீட்டில் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கதையை அவரிடம் சொன்னால் முழுவதும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் பிழைத்தாளா என்று பயத்தோடு கேட்பார். பிழைத்தேன் என்று அவள் சொல்லுவாள்.